பெல்ட்டில் தேய்த்த சோப்பு

அந்த வட்டாரத்தில் எல்லோரும் அவளை வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு வருடத்துக்கு முன்புவரை வேனை ஓட்டியது அவள் புருஷன். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்த பிறகு, சைக்கிள்கூட மிதிக்கத் தெரியாதவள் மூன்றே வாரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் சொல்லிக்கொடுத்த அழகில் யாருக்கும் வண்டியே வெறுத்துப்போயிருக்கும். "கிளட்ச் மேல உனக்கு என்ன பகை, இப்பிடி மிதிக்கிற?" என்பார். "அப்ப இறங்கி நடங்க" என்பாள் அவள். காலையும் மாலையும் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்குவாள். செவ்வாய், வியாழன், சனி மதியம் டயாலிசிஸுக்கு அவரை அழைத்துப் போவாள்.

திரும்பி வரும்போது அவர் வேனிலேயே தூங்கிவிடுவார். கட்டிலில் வராத தூக்கம் அது. நான்கு மாதம் முன்னால் எஞ்சினிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பி அதையும் கெடுத்தது. "பெல்ட்டுதான். சோப்புக் கட்டியத் தேய், வாய மூடிரும்" என்றார் அவர். பழைய டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். தேய்த்தாள், மூடிக்கொண்டது. வாரத்துக்கு ஒரு தடவை தேய்த்தது போய், தினமும் தேய்க்கும்படி ஆனது. அந்த வீட்டில் துணிக்குப் போன சோப்பைவிடப் பெல்ட்டுக்குப் போன சோப்புதான் அதிகம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சோப்பின் ஜம்பம் பலிக்கவில்லை. வீட்டு வாசலிலிருந்தே இரும்பு அரைபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் மெஷின் பழுது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள், அதனால் அவர் உடம்பில் ஐந்து நாள் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. இன்றைக்கு இரண்டு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் படுக்கை அடுத்த ஆளுக்குப் போய்விடும். பாதி வழியில் பேட்டரி விளக்கு எரிந்தது, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. தெரிந்த மெக்கானிக்கின் பட்டறைக்குள் வண்டியைத் திருப்பினாள்.

"உடம்பு எப்பிடி இருக்குங்க?" என்று அவள் புருஷனிடம் கேட்டான் மெக்கானிக்.

"எனக்கென்ன? போய் வண்டியப் பாரு."

மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் பெல்ட்டில் வெள்ளையாக அப்பியிருந்ததைப் பார்த்தான்.

"சோப்பு தேச்சது யாருக்கா?"

"நான்தான் தம்பி."

அவன் பெல்ட்டைக் கழற்றி, அது சுற்றும் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றினான். பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் சத்தமில்லாமல் சுற்றியது. தண்ணீர் பம்பும் அப்படியே. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் சக்கரம் மட்டும் மண் போட்டதுபோல் நறநறத்தது. பிடித்து அசைத்தால் விழப்போகும் பல் மாதிரி ஆடியது.

"பெல்ட்டு மேல தப்பே இல்லக்கா. இதோட பேரிங் போய், கோணிக்கிட்டு நிக்குது. அதான் நாலு மாசமா கத்திருக்கு, நீங்க வாயப் பொத்திட்டீங்க. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா பெல்ட்டு தெறிச்சு எஞ்சினே வெந்துருக்கும். வேற வண்டி கூப்பிடட்டுமா?"

அவள் ஓடிப்போய்ப் புருஷனிடம் கேட்டாள். பக்கத்துப் பட்டறையில் கிரில் அறுக்கும் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. சாய்த்துப் போட்ட இந்த சீட்டை விட்டு எழுந்து வேறு வண்டிக்கு மாற முடியாது என்று அவர் கையை ஆட்டினார். "இருக்கேன், போ" என்றார். அவள் நம்பிவிட்டாள். கேட்டுவிட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டு, முகத்தைச் சரியாகப் பார்க்காமலே திரும்பிவிட்டாள்.

வார்டுக்குப் போன் செய்தாள். "ரெண்டு வரைக்கும்தாம்மா வைக்க முடியும்" என்றாள் நர்ஸ். கடையிலிருந்து புது டென்ஷனரும் பெல்ட்டும் வந்தபோது மணி ஒன்றே கால். மெக்கானிக் டென்ஷனரை மாட்டி போல்ட்டை இறுக்கினான். நீளமான ஸ்பானரை அவள் கையில் கொடுத்து, ஸ்பிரிங்கை எதிர்த்து டென்ஷனரை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, புது பெல்ட்டைச் சக்கரங்களில் கோத்தான். ஒருமுறை பிடியை விட்டுவிட்டாள், பெல்ட் கழன்றது. "அழாதீங்கக்கா, இன்னொரு தடவ" என்றான். அழுகிறோம் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் தடவை பெல்ட் உட்கார்ந்தது.

மணி ஒன்று முப்பத்தைந்து. ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சாவியைத் திருப்பினாள். கீச்சும் இல்லை, கரகரப்பும் இல்லை. பட்டறைத் தெருவைத் தாண்டி மெயின் ரோட்டில் திரும்பியதும் வேனுக்குள் அமைதியாகிவிட்டது. அப்போதுதான் அது அவளுக்குக் கேட்டது. அவர் இழுக்கிற ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் தண்ணீர் கொப்பளித்தது.

"எப்பருந்துங்க இப்பிடி?"

"காலைலேருந்து" என்றார் அவர், மூச்சு வாங்கி வாங்கி. "வண்டி போடுற சத்தத்துல... உனக்குக் கேக்காதுன்னு... இருந்துட்டேன்."

"பேசாதீங்க" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் இருந்தது. கண்ணைத் துடைக்கக்கூட ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். வேன் சத்தமில்லாமல் ஓடியது. அவருடைய மூச்சு ஒவ்வொன்றும் அவளுக்குக் கேட்டுக்கொண்டே வந்தது.