இருநூறு நாற்காலிப் புரவலர்

கூட்டமைப்பு நாற்காலிக்காரருக்குத் தர வேண்டிய வாடகை நாற்பத்தாறாயிரம். நாற்காலிக்காரர் தன் மச்சானுக்குத் தர வேண்டிய வண்டி வாடகை பதினெட்டாயிரம். முதல் கடனை அவர் டீக்கடை தொடங்கி முடிவெட்டும் கடை வரை சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டாவது கடனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மட்டும் அவருக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிடும்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் கையை ஊன்றிக் கரணம் போட்டு மேலே வந்தவர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. இரும்புப் பட்டறையில் துருத்தி ஊதினார், சுத்தியல் பிடித்தார், விரல் நகம் இரண்டைப் பறிகொடுத்தார். பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை இடித்தபோது கால் ஒடிந்த மடக்கு நாற்காலி பன்னிரண்டை எடைக்கு வாங்கி, தானே பற்றவைத்து, வாடகைக்கு விட்டார். அந்தப் பன்னிரண்டு இன்றைக்கு இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி, எட்டு மேசை, ஒரு மைக் செட். ஒவ்வொரு நாற்காலியின் அடியிலும் சிவப்புப் பெயிண்ட்டில் ஒரு கோடு. "இந்த ஊர்ல உக்காந்தவன் பாதிப்பேர் என் கோட்டு மேல உக்காந்தவன்தான்" என்பார். பொய்யில்லை.

இப்படிப்பட்டவரைப் பிடித்துப் போட்டது ஒரு சொல். அதைக் கடைசியில் சொல்கிற கதை இது இல்லை, இப்போதே சொல்லிவிடலாம்: 'புரவலர்'.

கூட்டமைப்பு என்பது தொண்டு செய்கிற அமைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். தொண்டு செய்கிறவர்களை வலுப்படுத்துகிற அமைப்பு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர் தொண்டர் என்றால், பாடம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று அந்தத் தொண்டருக்கே பாடம் சொல்லிக்கொடுப்பது கூட்டமைப்பு. மாதம் ஒன்றிரண்டு முறை 'வலுப்படுத்தும் பட்டறை' நடக்கும். முதல் தடவை நாற்காலி இறக்கப் போனபோது நாற்காலிக்காரர் உலையைத் தேடினார். பட்டறை என்றால் அவருக்கு அதுதான் தெரியும். அங்கே உலையும் இல்லை, சுத்தியலும் இல்லை; நாள் முழுக்க அடித்தது டீயும் பிஸ்கட்டும்தான்.

நாற்காலி ஒன்றுக்குப் பத்து கேட்டார். இயக்குநர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஐயா, நாங்க லாப நோக்கமில்லாத அமைப்பு."

"சரிம்மா. நான் லாப நோக்கம் உள்ளவன். அதனாலதான் பத்து."

"எட்டாப் போட்டுக்குங்க. உங்களைச் சும்மா விட்டுடுவோமா?"

சும்மா விடவில்லை. முதல் மூன்று கூட்டத்துக்குப் பணம் வரவில்லை, நான்காவது கூட்டத்தின் அழைப்பிதழில் அவர் பேர் 'ஆதரவாளர்' என்று வந்தது. பணம் கேட்கப் போனார், முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மறுபடி போனார், 'ஆர்வலர்' ஆக்கினார்கள். மூன்றாம் முறை கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசிவிட்டு வந்தார். அதற்கடுத்த அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் 'புரவலர்'. கோபமாகப் போகிறவர் குளிர்ந்து திரும்பிவருவார். பாக்கி ஏற ஏறப் பட்டமும் ஏறியது. கடைசியில் சொந்தச் செலவில் புரவலர் என்று போட்டு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டார். அந்த அச்சகக்காரருக்கு மட்டும் ரொக்கம். அவரிடம் பட்டம் செல்லாது.

வீட்டில் வேறு காற்று.

"புரவலரே, கேஸ் தீந்துபோச்சு" என்பார் மனைவி, சமையலறையிலிருந்து தலையை நீட்டாமலே.

"ரெண்டு நாள் பொறு."

"அடுப்புக்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. புரவலர் சொன்னா எரியுதான்னு பாப்போம்."

மனைவியின் தம்பிதான் அந்த மச்சான். சின்ன லோடு வண்டி ஒன்றைத் தவணையில் வாங்கி ஓட்டுகிறார். இருநூறு நாற்காலியும் ஏறி இறங்குவது அந்த வண்டியில்தான். வாடகை கேட்டு வாய் திறந்த நாளில் நாற்காலிக்காரர் அவர் தோளில் கையைப் போட்டு, "உனக்கு எதுக்குடா வாடகை? நீ என் பங்குதாரர்" என்றார். மச்சானுக்கும் அன்றைக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் பங்குதாரர் என்றால் தவணைக் கம்பெனிக்காரன் விடுவானா? மூன்று தவணை நின்றுபோயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆள் வரும், பணம் இல்லையென்றால் சாவி போகும் என்று சொல்லிவிட்டார்கள். வண்டி போனால் மச்சானுக்குப் பிழைப்பு இல்லை. நாற்காலிக்காரருக்கு நாற்காலியை நகர்த்தக் கால் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் கூட்டமைப்பின் பெரிய மாநாடும் வந்து வாய்த்தது. 'தொண்டு நிறுவனத் துறையை வலுப்படுத்தலும் பொருளாதாரத்துக்கு அதன் பங்களிப்பும்.' பேனரில் எழுத்து முக்கால், படம் கால். தூர தேசத்து அறக்கட்டளை ஒன்றிலிருந்து ஒரு விருந்தினர் வருகிறார். இங்கே உள்ளூரில் ஒரு பங்கு திரட்டிக் காட்டினால் அவர்கள் அதே அளவு இன்னொரு பங்கு போடுவார்களாம்.

"இன்னைக்கு வாங்காம வராதீங்க" என்றார் மனைவி. "எனக்காக இல்ல. என் தம்பி மூஞ்சில நான் முழிக்கணும்."

"இன்னைக்கு என்னை மேடையில ஏத்துறாங்க. எல்லார் முன்னாலயும் கேட்டா குடுக்காம எங்க போவாங்க?"

"மேடையில ஏத்தினா நீங்க கேக்க மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

மேடை ஏறினார். சலவைச் சட்டை, பையில் விசிட்டிங் கார்டு. உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் கையைக் கீழே விட்டு நாற்காலியின் அடியைத் தடவிப் பார்த்தார். சிவப்புக் கோடு விரலில் பட்டது. தன் நாற்காலியில் தனக்கே மரியாதை.

கீழே முன்வரிசையில் ஊனமுற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தும் ஒரு அம்மா எழுந்து, "எங்க கூரை ஒழுகுதுங்க, அதுக்கு ஏதாவது..." என்று ஆரம்பித்தார். இரண்டு பஸ் மாறி வந்தவர். "நல்ல கருத்து. கூரை மேலாண்மைக்குத் தனியா ஒரு பட்டறை வைக்கலாம்" என்றார் இயக்குநர் அம்மா. கூரை ஒழுகுகிறவர் கையில் ஒரு துணிப்பை கொடுக்கப்பட்டது. ஏந்தி நீர் பிடிக்கக்கூட ஆகாது அது.

பிறகு விளக்கு அணைந்து திரையில் கணக்கு ஓடியது. இந்தத் துறை பொருளாதாரத்துக்கு எவ்வளவு கொடுக்கிறது என்ற கணக்கு. இயக்குநர் அம்மா ஒரு கோலை நீட்டி நீட்டிக் காட்டினார்.

"உதாரணத்துக்கு நம்ம புரவலர் ஐயா. ஒன்றரை வருஷமா நாற்காலி, மேசை, மைக் எல்லாம் நன்கொடையா வழங்கியிருக்கார். அதன் மதிப்பு ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்."

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். நாற்காலிக்காரர் எழுந்து நான்கு பக்கமும் கும்பிட்டார். விருந்தினர் அவர் கையைக் குலுக்கினார். மனைவி சொன்னது போலவே ஆயிற்று: வாய் திறக்கவில்லை. திறந்ததெல்லாம் பல் தெரியத்தான்.

கும்பிட்டு உட்கார்ந்த பிறகுதான் புத்தி மெல்லப் பின்னால் வந்து சேர்ந்தது. எட்டுக்குப் பேரம் பேசி அடித்த நாற்காலி, திரையில் இருபத்து நான்கு. அதுவும் நன்கொடை. வாடகை எந்த ராத்திரியில் நன்கொடை ஆயிற்று? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். இதில் நெய்க்கு மூன்று மடங்கு விலை வேறு போட்டு, அதைக் காட்டி இன்னொருவரிடம் அதே அளவு நெய் வாங்குகிறார்கள்.

டீ இடைவேளை விட்டார்கள். கூட்டம் முற்றத்துக்குப் போனது. மச்சான் கதவோரமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டேன் மாமா. நல்லா கை தட்டினாங்க."

"நீயும் கிண்டல் பண்ணாதடா."

"கிண்டல் இல்ல. பங்குதாரர்னு சொன்னீங்களே, அந்த ஒரு லட்சத்து முப்பத்தெட்டுல என் பங்கு எவ்வளவு? ஆறு மணிக்கு ஒருத்தன் நம்ம வீட்டு வாசல்ல நிப்பான். அவன்கிட்ட கைதட்டலைக் குடுத்தா ரசீது போடுவானா?"

 வாடகைத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பணம் வராத இடத்தில் சண்டை போடக் கூடாது. முன்வரிசையிலிருந்து அடுக்கத் தொடங்க வேண்டும். முப்பது வருஷமாக மற்றவர்களிடம் செய்ததை இந்தக் கட்டடத்தில் மட்டும் செய்யாமல் நாற்காலிக்காரர் கையைக் கட்டிப்போட்டிருந்தது அந்த ஒற்றைச் சொல்தான். சட்டைக் கையை மடக்கினார்.

"வண்டியைப் பின்பக்கமா எடு" என்றார்.

பத்துப் பத்தாக அடுக்கி, அடுக்கை இடுப்பில் சாய்த்து, இரண்டு பேரும் நடந்தார்கள். டீ கிளாஸோடு திரும்பி வந்தவர்கள் வெறும் தரையைப் பார்த்து நின்றார்கள். மேடையில்கூட மைக் மட்டும் ஒற்றைக் காலில் நின்றது.

இயக்குநர் அம்மா ஓடிவந்தார். "என்னங்கய்யா இது?"

"நன்கொடை குடுத்தவன் நான்தானேம்மா? குடுத்த கைக்கு எடுக்கவும் தெரியும்."

"விருந்தினர் இருக்கார். மெதுவாப் பேசுங்க."

"நான் மெதுவாத்தான் பேசுறேன். ஒன்றரை வருஷமா."

அதற்குள் விருந்தினரே வந்து, நாற்காலி எல்லாம் எங்கே என்று கேட்டார். நாற்காலிக்காரர் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் அம்மா முந்திக்கொண்டார். "இது நாங்களே உருவாக்கின முறை. நின்றபடி கலந்துரையாடல். எல்லாரும் சமமா நிக்கிறாங்க பாருங்க." விருந்தினர் முகம் மலர்ந்து, பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். மற்ற இடங்களிலும் இதைப் பரப்பலாம் என்றார்.

நாற்காலிக்காரர் மலைத்துப்போனார். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறார். கெட்டதையே ஏடாக்கிப் பாட்டாக்கி விற்பவர்களை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார். சண்டை போட்டாலும் அதற்கொரு பேர் வைத்து மேடையேற்றிவிடுவார்கள் போலிருந்தது. மடித்த சட்டைக் கை மடித்தபடியே நின்றது.

காப்பாற்றியது ஒரு முட்டி. கூட்டமைப்பின் தலைவர் எண்பதைத் தொட்டவர், பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் செலவுக்கும் அவர் கையெழுத்து வேண்டும். கால் மணி நேரம் சமமாக நின்றார். பிறகு சுவரைப் பிடித்தார். பிறகு இயக்குநர் அம்மாவின் தோளைப் பிடித்தார்.

"அந்த ஆளுக்கு என்ன பாக்கி?"

"அது... நன்கொடைக் கணக்குல போயிடுச்சுங்களே."

"எந்தக் கணக்குல போச்சோ அங்கேருந்து கூட்டிட்டு வாங்க. துறையை அப்புறம் வலுப்படுத்தலாம். என் முட்டிக்கு இப்ப வலு வேணும்."

வாசல் மேசையில் வந்தவர்களிடம் வசூலித்த நுழைவுக் கட்டணம் பெட்டி நிறைய இருந்தது. கணக்கர் நாற்பத்தாறாயிரத்தை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாடகைன்னு எழுத முடியாதுங்கய்யா. அதுதான் நன்கொடைன்னு காட்டியாச்சே."

"வேற என்னன்னு எழுதப் போறீங்க?"

கணக்கர் இயக்குநர் அம்மாவைப் பார்த்தார். "சிறுதொழில் முனைவோரை வலுப்படுத்தல்னு எழுதுங்க" என்றார் அம்மா, கண் இமைக்காமல். "பங்களிப்புல இதையும் சேத்துக்கலாம்." ஆக, வராத பணமும் பங்களிப்பு, வந்த பணமும் பங்களிப்பு. நாற்காலிக்காரர் கையெழுத்துப் போட்டார். விசிட்டிங் கார்டுகளைக் கட்டோடு எடுத்து மேசையில் வைத்தார். மச்சான் பத்து நாற்காலியை இறக்கி முதல் வரிசையில் போட்டார், தலைவர் உட்கார்ந்தார், மற்றவர்கள் நின்றபடி கலந்துரையாட மாநாடு தொடர்ந்தது.

வழி நெடுக நாற்காலிக்காரர் பேசிக்கொண்டே வந்தார். எப்படிக் கேட்டேன் பார்த்தாயா, எப்படி நின்றேன் பார்த்தாயா. மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுத் தெரு திரும்பும்போது பேச்சின் சாயல் கொஞ்சம் மாறியது.

"மச்சான், நான் யோசிச்சேன். உன்னைப் பங்குதாரர்னு மட்டும் சொன்னாப் பத்தாது. இனிமே நீதான் மேலாளர். வண்டிப் பக்கவாட்டுல எழுதியே போட்டுடலாம்."

"எழுதலாம் மாமா. வண்டி இருந்தா."

வாசலில் தவணைக்காரர் சாவிக்காகக் காத்து நின்றார். பக்கத்தில் மனைவி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. கணவர் இறங்கும்போதே முகத்தைப் படித்துவிட்டார்.

"வாங்கிட்டீங்களா?"

"வாங்காம வருவேனா? நான் யாரு?"

"நீங்க யாருன்னு அப்புறம் பேசலாம். தம்பி, கையை நீட்டு."

மச்சான் கையை நீட்டினார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை, விரல்கள் முழுசாக விரியவில்லை. நாற்காலிக்காரர் உள்பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்து, எச்சில் தொட்டு எண்ணி வைத்தார். பத்தாயிரம் ஆனதும் நிறுத்தினார்.

"மீதி அடுத்த..."

மனைவி நிமிர்ந்து பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். இயக்குநர் அம்மாவிடம் கோல் இருந்தது, திரை இருந்தது. இந்தப் பார்வை இல்லை. நீட்டிய கையும் மூடவில்லை.

நாற்காலிக்காரர் மறுபடி விரலை நாக்கில் தொட்டார். பதினொன்று. பன்னிரண்டு. தவணைக்காரரும் கூடவே வாய்க்குள் எண்ணினார். பதினேழு. கடைசி ஆயிரத்தை இரண்டு முறை தடவிப் பார்த்து, இரண்டே ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் என்று உறுதி செய்துகொண்டு, விரிந்திருந்த அந்தக் கையில் வைத்தார்.