மூட்டத்தில் தட்டிய கம்பம்

நேற்று மாலை தானா ராத்தா மலைநகரத் திடலில் மகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது பனிமூட்டம் இறங்கி அவளை மறைத்துவிட்டது. கோல் கம்பத்தின் ஈரத் துரு வாடை முகத்தில் அடித்தது. என்னை அறியாமல் ஒரு கல்லை எடுத்துக் கம்பத்தைத் தட்டத் தொடங்கினேன்.

நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் மேல் லயம், கீழ் லயம் என்ற இரண்டு தொழிலாளர் குடியிருப்புகளும் பந்தாட்டத்தில் மோதிய திடல் இன்று பிளாஸ்டிக் கூரை போட்ட தக்காளித் தோட்டம். அதன் ஓரத்தில் தேயிலைச் சரிவு பள்ளமாக இறங்கும் என்பதால், மூட்டம் வந்ததும் இரண்டு கோல்காரர்களும் கல்லால் கம்பத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், எதிரியும் அந்தச் சத்தத்தை வைத்தே திசை அறிவான். ஒருமுறை கீழ் லயத்துக் கோல்காரரான அப்பா தட்டிய சத்தத்தைக் குறிவைத்தே மேல் லயத்தான் கோல் போட்டுக் கோப்பையைக் கொண்டுபோனான்.

“கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்கலாம்லா அண்ணே, வெத்தல பாக்கு வச்சு அழைச்சிட்டீங்களே!” என்று சொந்த லயமே ஏசியது.

“பந்து உள்ள வந்தா வரட்டும்டா. ஆளு பள்ளத்துல போயிட்டா?” என்றார் அப்பா.

அடுத்த வருடம் கோலில் வேறொருவரை நிறுத்தினார்கள். மூட்டம் வந்ததும் அவரும் தட்டினார்.

நேற்று எவ்வளவு நேரம் தட்டினேனோ தெரியாது.

“போதும்லா அம்மா, மானம் போகுது,” என்று மகள் வந்து என் கையைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால், சத்தத்தைப் பிடித்து வந்த எதிரணிப் பிள்ளைகளும் நின்றிருந்தார்கள்.