மூன்றாவது விசில்

என் மூத்தவளுக்கு அப்போது மூன்று வயது. தம்பி பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவன் வந்ததிலிருந்து வீட்டில் எனக்கு ஒரே வேலைதான்: இவளிடமிருந்து அவனைக் காப்பாற்றுவது. கொஞ்சுவது போல வந்து கன்னத்தைக் கிள்ளுவாள். முத்தம் கொடுக்கக் குனிந்தவள் கடித்துவிட்டு, "அவன்தான் கடிச்சான்" என்பாள். பல்லே முளைக்காத பையன் மேல் பழி!

"இவன எப்பப்பா ஆஸ்பத்திரில திருப்பிக் குடுப்ப?" என்று அப்பாவிடம் கேட்பாள். அவரும் "ஞாயித்துக்கிழம" என்று சொல்லிவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாட்டிக்கொள்வது நான். அதனால் இரண்டு பேரையும் தனியாக விட்டதே இல்லை. குளிக்கப் போனாலும் இவளைக் கூட்டிக்கொண்டுதான் போவேன்.

சேக்காட்டில் எங்களுடையது மாடி வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை. வாசல் கதவை ஒட்டி உத்திரத்தில் ஒரு கொக்கி. அதில்தான் என் பழைய காட்டன் புடவையில் தூளி கட்டியிருந்தோம். காற்று வருகிற இடம் அது ஒன்றுதான்.

நான் சொல்லப்போகிற நாளுக்கு முந்தின வாரம் அவள் கதவின் கீழ்த் தாழ்ப்பாளைப் போடவும் எடுக்கவும் கற்றுக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கை தட்டினோம். அவர் வீடியோ வேறு எடுத்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். அவ்வளவு அறிவு எங்களுக்கு!

அன்று காலை குக்கரில் பருப்பு வைத்திருந்தேன். தம்பி தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். திடீரென்று தூறல் போட, வாசலில் கொடியில் கிடந்த துணியை அள்ள ஓடினேன். நான்கே எட்டுதான். பின்னால் கதவு சாத்துகிற சத்தம், தாழ்ப்பாள் விழுகிற சத்தம், உள்ளே அவளே தனக்குக் கை தட்டிக்கொள்கிற சத்தம்.

ஜன்னலுக்கு ஓடினேன். கொசுவலை அடித்த ஜன்னல். பார்க்கலாம், கையை விட முடியாது. செல்போனும் உள்ளே. "கண்ணு, தாப்பாள எடு" என்று கெஞ்சினேன். சிரித்தாள். சாக்லேட் தருகிறேன் என்றேன். "காட்டு" என்றாள். ஈரத்துணியைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது? கடைசியில், "போ, அம்மா உன்ன விட்டுட்டுப் போறேன்" என்று மிரட்டினேன்.

"டாட்டா" என்று கையை ஆட்டினாள்.

மாடியில் எங்களுக்கு எதிர் வீட்டு ஆட்டோக்கார அண்ணன் சத்தம் கேட்டு வெளியே வந்தார். "இன்னாமா ஆச்சு? நவுரு, ஒரே ஒத, கதவு பேந்துகினு பூடும்."

"ஐயோ அண்ணா, தூளி கதவாண்டதான் இருக்கு!"

தூக்கிய காலை அப்படியே இறக்கினார். கீழ் வீட்டிலிருந்து ஹவுஸ் ஓனரம்மா, "ஏசப்பா, ஏசப்பா" என்றபடி படியேறி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். தன் கதவு உடைந்துவிடுமே என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து குக்கர் முதல் விசில் அடித்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் மகளுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது குக்கர் விசில்தான். ஆவி சீறத் தொடங்கினாலே ஓடி வந்து என் நைட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். நான் இரண்டு கையாலும் அவள் காதை மூட வேண்டும். தம்பி வந்தபின் பாதி நாள் என் கை அவனிடம் மாட்டிக்கொள்ளும். அவளே மூடிக்கொண்டு மூலையில் நிற்பாள்.

அன்றும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். உதடு பிதுங்கியது. விசிலில் தம்பி திடுக்கிட்டு விழித்து வீலென்று கத்தினான். அவள் ஜன்னலைப் பார்த்தாள். தூளியைப் பார்த்தாள். பிறகு நேராகத் தூளியிடம் போனாள். புடவையை விலக்கி இரண்டு கையையும் உள்ளே விட்டாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. "தொடாதடி! கைய எடு!" என்று அலறினேன். அவள் எடுக்கவில்லை. அவன் அழுகை சட்டென்று குறைந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

"இன்னா பண்ற பாப்பா?" என்று அண்ணன்தான் குரலை இறக்கிக் கேட்டார்.

"தம்பி காத மூடிகினு கீறேன் மாமா. விசில் வருதில்ல?"

ஹவுஸ் ஓனரம்மா என் தோளை இன்னும் இறுக்கினார்.

"சரி கண்ணு," என்றேன். "வந்து கதவத் தொற. அம்மா வந்து மூடறேன்."

"கை இல்லயேம்மா!" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

உண்மைதான். கதவைத் திறக்க வேண்டுமானால் அவன் காதை விட வேண்டும். இரண்டாவது விசில் வந்தது. அவள் தோள் இரண்டும் காது வரை ஏறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கை மட்டும் தூளியை விட்டு வரவில்லை. "அழாத, நான் கீறேன்ல" என்று அவனிடம் சொல்வது கேட்டது. கீறேன் என்று சொல்லாதே, இருக்கேன் என்று சொல் என நாள் முழுக்க அவளைத் திருத்துகிறவள் நான். அந்த வார்த்தையைப் போல் அழகாக அதுவரை எதையும் கேட்டதில்லை.

"இன்னும் ஒரே விசில்தான். அது முடிஞ்சதும் ஓடி வந்து தொற, சரியா?"

தலையை ஆட்டினாள். கதவுக்கு இந்தப் பக்கம் பெரியவர்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு குக்கருக்காகக் காத்திருந்தோம். மூன்றாவது விசில் நீளமாக அடித்து ஓய்ந்தது. குடுகுடுவென்று ஓடி வருகிற காலடி. தாழ்ப்பாள் இரண்டு முறை சிக்கி, மூன்றாம் முறை எழும்பியது.

அண்ணன் அடுப்பை அணைக்க ஓடினார். தூளிக்குள் தம்பி கண்ணீரோடு விரலைச் சப்பிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தான். நான் அவனைத் தூக்கவில்லை.

"வெயிட்ட தூக்கட்டாமா? பருப்பு அடி பிடிச்சிடும்" என்று உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். அதைக் கேட்டதும், ஆவி சீறப் போகிறது என்று என் மகள் மறுபடியும் தூளியைப் பார்த்து ஓடி, கையை உள்ளே விட்டுக்கொண்டாள்.

நான் அவள் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, என் இரண்டு கையாலும் அவள் காதை மூடினேன். "தூக்குங்கண்ணா" என்றேன்.