படத்தில் அழித்த கை

குழந்தைகளைப் படம் எடுப்பதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளே இல்லை என்று ஸ்டூடியோக்காரனுக்கு ஒரு நினைப்பு. கிலுகிலுப்பையை ஆட்டுவான், பூனை மாதிரி கத்துவான், குழந்தை திரும்பியதும் பட்டனை அமுக்கிவிடுவான். கழுத்து நிற்காத குழந்தை என்றால் அம்மா திரைத்துணிக்குள் கையை விட்டுப் பின்னாலிருந்து தாங்க வேண்டும். அந்தக் கையை அப்புறம் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவான்.

அவன் மகளுக்கோ, கேமரா கிளிக் ஆகும்போதெல்லாம் தூக்கிவாரிப்போட்டது. "பார்த்தியா, தொழில்காரன் பொண்ணு! சத்தம் கேட்டதுமே எப்படி உஷாராகிடுறா பாரு," என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டான். அந்தத் திடுக்கிடல்தான் நோயின் முதல் அடையாளம் என்று டாக்டர் பின்னால் சொன்னபோது, இந்த மகா மேதைக்கு மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஏழாம் மாதத்திலும் மகள் உட்காரவில்லை. அப்பனும் எதையும் லேட்டாகச் செய்கிற சோம்பேறிதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மனைவி கழுத்தைத் தாங்கினாள், இவன் கையை அழித்தான், சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் படம் போனது. எட்டாம் மாதமும் அதே கூத்து. ஒன்பதாம் மாதம் மகளுடைய சிரிப்பும் நின்றுபோனது. தொண்டை கட்டும்வரை பூனையாகக் கத்திப் பார்த்தான், அவள் திரும்பவே இல்லை.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. பரம்பரையாக வரும் அபூர்வ நோயாம். மூளை நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகுமாம். குணப்படுத்த மருந்து இல்லையாம்.

"அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இந்தக் குறை ஒளிஞ்சிருந்தாதான் குழந்தைக்கு வரும். உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

இருந்தாள். ஒரே தங்கை, மூன்று மாதம் முழுகாமல்.

"அவங்களும் வீட்டுக்காரரும் இந்த வாரமே வந்து ரத்தம் குடுக்கட்டும். தள்ளிப்போட வேண்டாம்."

வெளியே வந்ததும் வராததுமாகத் தங்கைக்குப் போன் போட்டான்.

"போண்ணே! எதுல விளையாடுறதுன்னு ஒரு விவஸ்தை இல்லையா? அதான் ஜம்முனு உட்கார்ந்திருக்காளே, படத்துல பார்த்தேனே!" போன் கட்டானது.

பிறந்ததிலிருந்து கிண்டலும் புளுகுமாகவே வளர்ந்தவனை எந்தத் தங்கை நம்புவாள்? ஸ்டூடியோவுக்கு ஓடி, திருத்தாத படங்களைத் தேடினான். நல்லவேளை, பழையதைக் கழிக்கிற ஒழுங்கெல்லாம் அவனிடம் கிடையாது. ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதப் படங்கள் மூன்றையும் அனுப்பினான். மூன்றிலும் தலை துவண்டு, கழுத்துக்கு அடியில் மனைவியின் கை. "இப்பவாவது நம்புடி," என்று கீழே எழுதினான்.

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கையே கூப்பிட்டாள். அழுதிருந்தாள்.

"எந்த ஆஸ்பத்திரிக்கு வரணும்ண்ணே?"

பத்து நாளில் முடிவு வந்தது. தங்கையிடம் அந்தக் குறை இருந்தது. அவள் கணவரிடம் இல்லை. அவர்கள் பிள்ளைக்கு இந்த நோய் வராது. அதைச் சொல்ல நேரிலேயே வந்தவள், ஏதோ திருடியவள் மாதிரி வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாடி, லூசு! நல்ல சேதிதானே?" என்று சிரித்தான். அவனுக்கு நிஜமாகவே சந்தோஷம். பொறாமையும் நிஜமாகவே இருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது.

"உன் பிள்ளை தானா உட்காருவான், ஓடுவான், என்னை உதைப்பான். எல்லாம் வந்து பார்ப்பேன்," என்றான். "படம் மட்டும் வேற ஸ்டூடியோவுல எடுத்துக்கோம்மா. என்னால முடியாது."