ஜப்பான் கிட்டாரைச் செய்தது யார்?

போன வருடம், மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம். போர்ட் பிளேரில் ஷாதிபூர் வீட்டில் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருக்கும் ரங்கத்திலிருந்து தோழி போன் செய்தாள். கப்பல் டிக்கெட் கவுண்டரில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவள். இங்கேயே பல தலைமுறையாக இருக்கும் ‘லோக்கல் பார்ன்’ குடும்பத்துப் பையனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு ரங்கத்துக்குப் போனவள். எப்போதும் சிரித்துக்கொண்டேதான் பேச ஆரம்பிப்பாள். அன்று குரலே சரியில்லை.

“அக்கா, வீட்ல பெரிய லஃபடா ஆயிடுச்சு. இவரு கிட்டார் பின்னாடி மேட் இன் ஜப்பான்னு எழுதியிருக்கறத பாபுஜி பாத்துட்டாரு. ஜப்பான் டைம்ல பட்டாளத்துக்காரன் விட்டுட்டுப் போனதாம். அது இருக்கற வீட்ல நான் இருக்க மாட்டேன்னு துணியெல்லாம் பெட்டில அடுக்கிட்டாரு. நாளைக்கு மாயாபந்தர் பஸ் ஏறி மக வீட்டுக்குப் போறாராம். போனா திரும்ப வர மாட்டாரு அக்கா.”

மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் மூன்று வருடத்துக்கும் மேலே இந்தத் தீவுகளைப் பிடித்து வைத்திருந்தார்கள். இங்கே கடற்கரைக்குக் கடற்கரை ஜப்பான் பங்கர் நிற்கிறது. மண்ணைத் தோண்டித் துருப்பிடித்த இரும்பு எது கிடைத்தாலும் ‘ஜப்பான் டைம்’ என்று சொல்லிவிடுவோம். எலெக்ட்ரிக் கிட்டாரையே அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாரே என்று எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் பாபுஜிக்கு, அதாவது அவளுடைய மாமனாருக்கு, அது விளையாட்டு இல்லை. யுத்த காலத்தில் அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பாவை ஜப்பான் சிப்பாய்கள் வீட்டு வாசலிலிருந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். போனவர் திரும்பி வரவே இல்லை.

மகன் அந்தக் கிட்டாரைப் பழைய சாமான் கடையில் வாங்கி, பூஜைப் பந்தல்களில் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிப்பவன். அவனுக்கு அதுதான் உயிர். அப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

“அது யுத்தத்துக்கு அப்புறம் செஞ்சதுதான்னு உன்னால காட்ட முடியுமா அக்கா?” என்று கேட்டாள். கேட்டாளே ஒரு கேள்வி! மீனை அப்படியே போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன்.

என் பைத்தியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். லம்பா லைனில் குடியிருந்த ஓர் அதிகாரி மெயின்லேண்டுக்கு மாற்றலானபோது வீட்டுச் சாமான்களை எல்லாம் விற்றார். இங்கே மாற்றல் வந்தால் அப்படித்தான், ஃபிரிட்ஜ் முதல் பூந்தொட்டி வரை விற்றுவிட்டுக் கப்பல் ஏறுவார்கள். அவரிடம் வாங்கிய பழைய ஜப்பான் கிட்டாரில்தான் நான் வாசிக்கவே கற்றுக்கொண்டேன். எழுபதுகளில் ஜப்பானியர்கள் பிரபலமான அமெரிக்க கிட்டார்களை அச்சு அசலாக நகல் எடுத்து உலகம் முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். தலையில் இருக்கும் பெயர் ஆர்டர் கொடுத்த வியாபாரியின் பெயர்தான். ஒரே தொழிற்சாலையிலிருந்து பத்துப் பெயரில் கிட்டார் போயிருக்கும். உண்மையில் செய்தது யார் என்று எங்குமே எழுதியிருக்காது. திருகாணி, மரத்தின் ஒட்டு, உள்ளே அடித்த எண்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதில் விழுந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. “ஊர்ல பொம்பளைங்க நகைக்கு ஹால்மார்க் பாப்பாங்க, நீ கட்டைக்குப் பாக்கற” என்பார் என் கணவர்.

மறுநாள் விடியும் முன்பே ரங்கத் பஸ்ஸில் ஏறிவிட்டேன். டிபன் பையில் இட்லிக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர்கள், டார்ச், துரு இளக்கும் எண்ணெய். தோழி அனுப்பிய ஒரே ஒரு போட்டோ பாதி இறங்கி நின்றிருந்தது. அதில் ‘மேட் இன் ஜப்பான்’ என்று பொறித்த முதுகுத் தகடு மட்டும் தெரிந்தது. ஜிர்காடாங் செக்போஸ்ட்டில், பழங்குடிகளின் காட்டு வழியில் வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து அனுப்பும் கான்வாய்க்குக் காத்திருந்தபோது அந்தத் தகட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாசகத்தின் அமைப்பை வைத்து இன்ன தொழிற்சாலைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை. பஸ் வெஹிக்கிள் போட்டில் ஏறி நீரிணையைத் தாண்டும்போது ஊரே இறங்கி நின்று முதலை தெரிகிறதா என்று பார்த்தது. நான் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ரங்கத்தில் வீட்டு வாசலில் பாபுஜி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெட்டி. தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை. கிட்டார் உள்ளே இல்லை, தென்னை மரத்தடியில் சாக்கின் மேல் கிடந்தது. மகன் அதன் அருகிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

நமஸ்தே சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன். ஜப்பான் பட்டாளம் எதற்காக இங்கிலீஷில் எழுதப்போகிறது என்று என் முதல் வாதத்தை இந்தியில் எடுத்துவிட்டேன். மனிதர் அசரவில்லை.

“அவங்க அடிச்ச ரூபா நோட்டும் இங்கிலீஷ்லதான் இருந்துச்சு, மகளே. எங்கம்மா ஒரு கட்டு வெச்சிருந்தாங்க” என்றார்.

பேச்சு வேலைக்கு ஆகாது, கழற்றிக் காட்ட வேண்டியதுதான். வாசலிலேயே பாயை விரித்து உட்கார்ந்தேன். கிட்டாரின் நீண்ட கைப்பிடியை ‘நெக்’ என்போம். அது உடம்போடு சேரும் இடத்தில், பின்பக்கத் தகட்டில் நான்கு திருகாணிகள். எங்கள் ஊர் உப்புக் காற்று இரும்பை விட்டுவைக்குமா? மூன்று திரும்பின. நான்காவது அசையவே இல்லை. கொண்டை தேய்ந்துவிட்டால் கதை முடிந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். பாபுஜி ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். மாயாபந்தர் பஸ் வந்துவிடுமோ என்று தோழி உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

கடைசியில் மகன் தன் உடம்பின் கனத்தை எல்லாம் கைக்குக் கொடுத்து அழுத்த, நான் திருப்ப, கிரீச் என்று ஆணி இளகியது. நெக்கைத் தூக்கினேன். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பஸ்ஸில் கட்டிய முடிவு தப்பு! அந்தத் தொழிற்சாலை நெக்கை இப்படி மூன்று துண்டு ஒட்டிச் செய்யாது. தகட்டை எங்கிருந்தோ வாங்கிப் போட்டிருக்கிறார்கள். இது வேறு இடம். மலைகளுக்கு நடுவே, கிட்டார் செய்வதற்கு முன்பு தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்த தொழிற்சாலை. “அட, இதுவா!” என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா எட்டிப் பார்த்தார். அதோடு விடவில்லை. கம்பிகளுக்குக் கீழே ஓசையை வாங்கும் பிக்கப்பையும் கழற்றிப் புரட்டினேன். அதன் அடியில் அடித்திருக்கும் எண்களில் வருடமும் மாதமும் இருக்கும். இருந்தது. யுத்தம் முடிந்து முப்பது வருடத்துக்கும் மேலே! மகன் எண்ணெய்க் கையோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

பாபுஜிக்குப் பக்கத்தில் போய் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். எண்களுக்கு அர்த்தம் சொன்னேன். தையல் மெஷின் பெட்டிக் கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதைச் செய்தவன் அதற்கு முன்னால் பட்டாளத்தில் இருந்தானா?

தோழி என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லு என்று அந்தக் கண் கெஞ்சியது. சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பது வருடம் கழித்து அங்கே வேலை செய்த ஒரு வயசாளி சிப்பாயாக இருந்திருக்கலாம் இல்லையா? அப்பாவைப் பறிகொடுத்த மனிதர் முன்னால் பொய் வரவில்லை.

“தெரியல பாபுஜி. அதக் கண்டுபிடிக்க எனக்கு வழியில்ல” என்றேன். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெக் உட்காரும் பள்ளத்துக்குள் குனிந்து பார்த்தார். அங்கே பட்டாணி அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது. இது என்ன என்று விரலைக் காட்டினார். நான் இருந்த குதூகலத்தில் அதை விட்டே விட்டிருந்தேன். அது செய்தவனின் முத்திரை, வேலை முடிந்ததும் தன் பெயரைக் குத்தி வைப்பார்கள் என்றேன். ஜப்பானிய எழுத்தைப் படிக்கும் வசதியை எப்போதோ போனில் இறக்கி வைத்திருந்தேன். போனை முத்திரைக்கு மேல் பிடித்துப் படித்து அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“யாரும் தொறந்து பாக்காத எடத்துலயும் பேரப் போட்டிருக்கான்” என்றார் மெதுவாக. “எங்கப்பாவக் கூட்டிட்டுப் போனவங்க பேரு எங்களுக்குத் தெரியாது. யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு எங்கம்மா சாகற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க.”

ரோட்டில் மாயாபந்தர் பஸ் ஹாரன் அடித்து நின்றது. அவர் எழுந்தார். பெட்டியை எடுத்தார். வீட்டுக்குள் போனார். போகிற போக்கில் மகனிடம், மழை வருகிறது, அதை உள்ளே எடுத்து வை, நான் வீட்டில் இருக்கும்போது மட்டும் வாசிக்காதே என்றார். அன்று தோழி என்னைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையும் சிரித்த சிரிப்பும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இன்றைக்கும் பழைய ஜப்பான் கிட்டார் கிடைத்தது என்றால் அதே துள்ளலோடு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். என் கணவர் இன்னும் தலையில் அடித்துக்கொள்கிறார். ஆனால், செய்தது யார் என்ற கேள்வியை வெறும் பொழுதுபோக்காக என்னால் இனிமேல் கேட்க முடிவதில்லை, ஏனென்றால் அதே கேள்விக்குப் பதில் கிடைக்காமலே ஒரு பெண் இந்தத் தீவில் கண்ணை மூடியிருக்கிறாள்.