எதிர்ச் சாரியிலிருந்து வந்த பதினான்கு படங்கள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. தெருவில் யாருக்கு வேண்டும் அது? பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து உட்காருகிறவர்களிடம் நாள் முழுக்க "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, கொஞ்சமே கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லியே தாடையக்கா ஆகிவிட்டாள். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் தாடையை இறக்கித்தான் ஆகவேண்டும்.

கடை முன்னால், வீடு பின்னால். நடுவில் பிரிண்டர் வைத்த ஒரு புழுக்கமான அறை. அவளும் தம்பியும் மட்டும்தான். பெற்றவர்கள் போனபோது தம்பிக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினெட்டு. "கல்யாணம் பண்ணிக்கலையா?" என்று யாராவது வாயைத் திறந்தால், "ஏற்கனவே ஒண்ணை வளர்த்துக்கிட்டு இருக்கேன், அது பத்தாதா?" என்று அடித்து உட்கார வைத்துவிடுவாள். அவன் வளர்ந்து வெளியே கல்யாணம், கூட்டம் என்று படமெடுக்கப் போனான். அவள் கடையைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த மெமரி கார்டை வாங்கி வந்தவன் அவன்தான். கார்டுக்குள்ளேயே வைஃபை. ஒயரும் வேண்டாம், கார்டைக் கழற்றவும் வேண்டாம். எடுத்த படம் தானாக அக்காவின் போனில் வந்து விழும். போன் பக்கத்தில் இல்லையென்றால் படங்கள் கார்டிலேயே காத்துக் கிடக்கும், போன் எட்டும் தூரத்துக்கு வந்ததும் வரிசையாக வரும். வந்து சேர்ந்ததா என்பது போனைப் பார்த்தால்தான் தெரியும். கேமராவைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தெருவின் எதிர்ச் சாரியில் இருக்கிற பஸ் நிறுத்தம் வரைக்கும் அது எட்டியது. அதனால் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் அங்கே நின்று கடையை ஒரு படம் எடுப்பான். இங்கே போன் 'டிங்' என்னும். "வந்துட்டாரு துரை" என்று முனகிக்கொண்டே அவள் எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்து பிடிப்பாள். லைட்டும் ஸ்டாண்டுமாக இரண்டு கையும் நிறைய அவன் உள்ளே நுழைவான். எட்டு வருஷத்தில் ஒரு நாளும் அவன் கதவைத் தட்டியதில்லை.

பிறகு அந்தக் கல்யாணம். அறுநூறு படம் எடுத்தான். எல்லாம் போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி, மறுநாள் கார்டில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டான் படுபாவி. வந்திருந்தது இருநூற்றுச் சொச்சம்தான். தாலி கட்டுகிற படம் ஒன்றுகூட இல்லை. பெண்ணின் அம்மா கடைக்குள் நின்று அழுதாள். வாங்க வேண்டிய வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, அவர்கள் போனபின் தாடையக்கா தம்பியிடம் திரும்பினாள்.

"போயிருக்கும்னு நினைச்சியா? போனைப் பார்க்கிறதுக்கு என்னடா கேடு? இனிமே என் கண்ணுல படாதே, சொல்லிட்டேன்!"

எத்தனை அக்காமார் எத்தனை தம்பிகளிடம் சொல்லியிருப்பார்கள் இதை! சாப்பாட்டு நேரத்துக்கு எல்லாம் சரியாகிவிடும். இவன் அப்படியே எடுத்துக்கொண்டான். சாயங்காலம் பார்த்தால் ஆளும் இல்லை, கேமராவும் இல்லை. அவளுக்கு வந்த கோபத்தில் அந்தப் போனையே அணைத்து மேஜை டிராயரில் எறிந்தாள். தனக்கென்று வேறு போன் வாங்கிக்கொண்டாள். "வரட்டும், கதவைத் தட்டிக்கிட்டு வரட்டும்."

அந்த வீம்பு பதினோரு மாதம் நின்றது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. அவன் எண் உபயோகத்தில் இல்லை. கூட்டாளிகளுக்கும் தெரியவில்லை. டிராயரிலிருந்து பழைய போனை எடுத்துச் சார்ஜில் போட்டாள். அந்தக் கார்டுக்குத் தெரிந்த போன் அது ஒன்றுதானே! நான்கு வருஷம் கவுண்டர் ஓரத்தில் அது அணையாமல் கிடந்தது. கரண்ட் போனால் அதைப் பவர் பேங்கில் சொருகிவிட்டுத்தான் மறுவேலை.

அது அவளை ஆட்டி வைத்தது. யாரையாவது உட்கார வைத்து ஃபோகஸ் பண்ணிக்கொண்டிருப்பாள், 'டிங்' என்று காதில் விழும், ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள். தெருதான் இருக்கும். போனில் ஒன்றும் வந்திருக்காது. உள்ளே வந்தவர் தாடையை இறக்கியபடியே உட்கார்ந்திருப்பார். வீட்டில் குழம்பைக் கிளறும்போதும் அந்தச் சத்தம் கேட்கும். தனக்குப் பைத்தியம்தான் பிடிக்கப் போகிறது என்று அவளே நினைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு அது நிஜமாகவே ஒலித்தது.

முதலில் நம்பவில்லை. மறுபடி டிங். எட்டிப் பார்த்தால் திரையில் படம்! ஏதோ ஒரு அறையின் ஜன்னல். அடுத்து கொடியில் காயும் அவனுடைய கோடு போட்ட சட்டை. "டேய்!" என்று கத்திக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினாள்.

பஸ் நிறுத்தத்தில் அவன் இல்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், கழுத்தில் அந்தக் கேமராவோடு நின்றாள்.

"கடை இதுதானான்னு கேமரா அடியில ஒட்டியிருக்கிற விலாச ஸ்டிக்கரைப் பார்க்கத் திருப்பினேன். நேத்துதான் சார்ஜ் போட்டிருந்தேன், எதையோ அமுக்கி ஆன் பண்ணிட்டேன் போல" என்றாள். பிறகு, "நீங்கதான் அவனோட அக்காவா?" என்றாள்.

"அவன் எங்க?"

அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டு மாடி ரூம்லதான் குடியிருந்தான்மா. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவன், நாலாம் நாளே... ஒன்றரை மாசம் ஆச்சு. யாருக்குச் சொல்றதுன்னே தெரியல. இப்பதான் ரூமை ஒழிக்கும்போது இந்த ஸ்டிக்கர் கண்ணுல பட்டுது."

கடைக்குள் போன் நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது. இருவரும் உள்ளே வந்து உட்கார்ந்தபோதும் நிற்கவில்லை. செத்துப்போனவன் எடுத்த படங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. மாடிப்படி, வேலைக்குப் போன அச்சகம், வாசலில் ஒரு நாய். அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

பிறகு அவளுடைய கடை வந்தது. எதிர்ச் சாரியிலிருந்து எடுத்த படம். கண்ணாடிக்குப் பின்னால் அவளே ஒரு குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். அடுத்ததும் கடைதான். அதற்கடுத்ததும். எண்ணினால் பதினான்கு. முதல் படம் மாலை ஐந்து பத்துக்கு, கடைசிப் படம் ஆறே காலுக்கு. கடைசியில் அவள் வாசலுக்கு வந்து, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துவிட்டு, கடையை மூட ஷட்டரில் கை வைத்திருந்தாள். தேதி, அவன் வீட்டை விட்டுப் போன ஏழாவது மாதம்.

போன் டிராயரில் அணைந்து கிடந்த மாதம்.

அதோடு போனும் ஓய்ந்துவிட்டது. கார்டில் வேறு படமே இல்லை.

"இங்க வந்துட்டு வந்தேன்னு ஒரு தடவை சொன்னான்" என்றாள் அந்த அம்மாள். "உள்ளே போக வேண்டியதுதானேடான்னு கேட்டேன். 'கண்ணுல படாதேன்னு அக்கா சொல்லிருக்கு, திறந்தாத்தான் போகலாம். படமெல்லாம் போயிருக்கும், பார்த்திருக்கும். கோவம் இன்னும் தீரல போல'ன்னான். அதுக்கப்புறம் கேமராவை அவன் தொடவே இல்லைம்மா."

"ஐயோ, போயிருக்கும்னு நினைச்சியா!" என்று தாடையக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "போன் அணைஞ்சு கிடந்துச்சுடா! நான் பார்க்கவே இல்லடா! யாராவது அவன்கிட்ட போய்ச் சொல்லுங்களேன்!"

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை அந்த அம்மாளிடம் கொடுத்தாள். "இங்கேயே உட்காருங்க. சத்தம் கேட்டா எழுந்து கதவைத் திறங்க, போதும்."

கேமராவை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். அவன் நின்ற இடத்தில் நின்று ஒரு படம் எடுத்தாள். பஸ் சத்தத்தில் இங்கே ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அந்த அம்மாள் எழுந்து வருவது தெரிந்தது. கதவு திறந்தது.

தாடையக்கா அசையாமல் அந்தத் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவன் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறான்.