எட்டாவது நட்டு

லாரிச் சக்கரம் ஒன்று கழன்று ஓடி, முடிவெட்டும் கடைக்குள் புகுந்துவிட்டதாம். காலை ஷிஃப்டுக்குப் போகும் பேருந்தின் முதல் இருக்கையில் அது வெறும் சக்கரம். நடு இருக்கைக்கு வருவதற்குள் நிலைக்கண்ணாடியை நொறுக்கிவிட்டது. கடைசி இருக்கையை எட்டியபோது, பாதி சவரத்தில் இருந்த ஒருவர் ஆஸ்பத்திரியில் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். லாரி நேற்று நம் ஆலையிலிருந்து போனது என்பதில் மட்டும் எல்லா இருக்கைகளும் ஒத்துப்போயின.

கடைசி இருக்கையில் இருந்தவருக்கு உள்ளங்கால் வேர்த்தது. லாரி தயாரிக்கும் அந்த ஆலையில் இடப்பக்கச் சக்கரங்களை முடுக்குகிறவர் அவர்தான்.

அவரைப் 'பூட்டு' என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அவர் முடுக்கியது எதுவும் தானாகக் கழன்றதில்லை. வீட்டிலும் அப்படியே. சர்க்கரை டப்பாவை அவர் மூடிவிட்டால், திறப்பதற்கு மனைவி மூன்று வீடு ஏறி இறங்க வேண்டும். மூன்று மாதமாகத்தான் மூடிகள் தொட்டதும் திறக்கின்றன. "இப்பவாவது மனுஷனுக்குப் புத்தி வந்துச்சே" என்று அவள் பூரித்துப்போனாள்.

வந்தது புத்தி அல்ல. நட்டு முடுக்கும் காற்றுத் துப்பாக்கியைப் பிடித்துப் பிடித்து வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போயிருந்தன. வெளியே சொன்னால் லைனிலிருந்து தூக்கிவிடுவார்கள். தூக்கி எங்கே வைப்பார்கள் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே அவரும் வாயைத் திறக்கவில்லை.

சக்கரத்துக்குப் பத்து நட்டு. முதலில் துப்பாக்கி நட்டைச் சுழற்றி ஏற்றிவிடும். பிறகு நீளக் கைப்பிடி ஸ்பேனரைப் போட்டு அழுத்த வேண்டும். வேண்டிய இறுக்கம் வந்ததும் ஸ்பேனர் 'டக்' என்று சொல்லும். கையிலும் ஒரு வெட்டு வெட்டும். அதன் பிறகே நட்டின் மேல் மஞ்சள் கோடு போடலாம். கை பேசுவதை நிறுத்திய நாளிலிருந்து அவர் காதை மட்டும் நம்பினார். எதிர்ப்பக்கச் சக்கரத்தில் இன்னொருவர் அதே மாதிரி ஸ்பேனரால் அதே 'டக்'கை எழுப்பிக்கொண்டிருந்தார். எந்த 'டக்' யாருடையது? அந்தக் கேள்வி மூன்று மாதமாக வராமல், இன்றைக்குப் பார்த்துப் பேருந்தில் ஏறிக்கொண்டது.

முடிவெட்டும் கடையைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தார். கடை மூடியிருந்தது.

"பாத்தியா, சொன்னேன்ல!" என்றது முதல் இருக்கை.

அன்று காலை முழுக்க ஒவ்வொரு நட்டையும் இடக்கையால் அழுத்தினார். சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் டூல் ரூமுக்கு ஓடினார். டூல் ரூம்காரர் இருபது வருடமாக அவரோடு ஒரே பெஞ்சில் சாப்பிடுகிறவர்.

"ஸ்பேனர் குடு."

"சாப்பாட்டு நேரத்துலயா? எதுக்குய்யா, டிஃபன் பாக்ஸைத் திறக்கவா?"

"அவசரம்பா."

"நோட்டுல காரணம் எழுதணும். காரணம் இல்லாம எங்க மாமனாருக்கே ஒரு ஸ்க்ரூ குடுத்ததில்ல நான்."

"அப்புறம் சொல்றேன். சத்தியமா."

டூல் ரூம்காரர் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. ஸ்பேனரைத் தள்ளினார்.

யார்டில் நேற்று முடித்த லாரிகள் ஆறு, வெளியே போகக் காத்து நின்றன. முதல் லாரி உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் மனைவியின் தம்பி.

"என்ன மாமா, வழியனுப்ப வந்தீங்களா?"

"எஞ்சினை அணை மாப்ளை."

"கேட் திறக்கப் போறாங்க மாமா. மலைப்பாதை வேற, இருட்டறதுக்குள்ள இறங்கணும்."

"அணைடா!"

கல்யாணமான பதினாறு வருடத்தில் மச்சினனை அவர் 'டா' போட்டதே இல்லை. எஞ்சின் அடங்கிற்று.

இடக்கையால் அழுத்தினார். யார்டில் வேறு ஸ்பேனர் இல்லை, கேட்பதெல்லாம் இவருடையதுதான். ஒன்று, டக். இரண்டு, டக். ஏழு வரைக்கும் நட்டு அசையவில்லை. எட்டாவது நட்டு, அழுத்தியதும் பேசாமல் திரும்பியது. கால் சுற்று போன பிறகுதான் 'டக்'. மஞ்சள் கோடு இரண்டாக முறிந்து, ஒரு பாதி போல்ட்டிலும் ஒரு பாதி நட்டிலும் ஆளுக்கொரு திசை பார்த்தது.

"கோடு ஏன் மாமா கோணிக்கிச்சு?" மச்சினன் குனிந்தான்.

பையில் மஞ்சள் பேனா இருந்தது. பல்லால் மூடியைக் கழற்றினார். மேலே இன்னொரு கோடு இழுத்தால் இந்த லாரி சரி. மற்ற ஐந்து? சங்கு மறுபடி ஊதக் கால் மணி நேரம்கூட இல்லை. அதற்குள் கேட் இன்ஸ்பெக்டர் அம்மா அட்டையும் கையுமாக வந்துவிட்டார். அந்த அம்மாவின் வேலையே மஞ்சள் கோட்டைப் பார்ப்பது; கோடு இருந்தால் கேட் திறக்கும்.

"என்னண்ணே, சாப்பிடப் போகலையா?"

மச்சினன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தான். பூட்டு பேனாவை மூடினார்.

"கேட்டைத் திறக்காதீங்கம்மா. இந்த நட்டு லூசா இருந்துச்சு. கோடு நான் போட்டது. மத்த அஞ்சையும் நம்பாதீங்க."

"எத்தனை லூசு?"

"தெரியலைம்மா. என் கைக்கே தெரியலை." வலது கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த அம்மா பேனா முனையை விரலில் வைத்து அழுத்தினார்.

"வலிக்குதா?"

"குத்துங்க, சொல்றேன்."

விரலில் மைப்புள்ளி பதிந்திருந்தது. கேட் சாத்தப்பட்டது.

ஆறு லாரிகளில் இன்னும் இரண்டு நட்டுகள் அகப்பட்டன. மூன்று மாதத்தில் போன வண்டிகளுக்கெல்லாம் ஓலை பறந்தது. எந்தச் சக்கரமும் கழலவில்லை. முடிவெட்டுகிறவர் பல் பிடுங்கப் போனதால்தான் கடையை மூடியிருந்தார். ஆனால் சாயங்காலப் பேருந்துக்குப் புதுச் செய்தி ரெடி: பூட்டு குடித்துவிட்டு வேலை பார்த்தாராம்.

இப்போது அவர் யார்டு ஆபீசில் சாவிகளை ஆணியில் மாட்டுகிறார். வேலை போகவில்லை, ஓவர்டைம் போயிற்று. வீட்டில் மூடிகளை மனைவி முடுக்குகிறாள். திறக்க அவர் மூன்று வீடு ஏறி இறங்குகிறார்.

டூல் ரூம்காரர் மட்டும் விடுவதாக இல்லை.

"ஒரு காரணம் பாக்கி இருக்கே."

"ஊருக்கே தெரியுமேய்யா."

"ஊரா வந்து ஸ்பேனர் வாங்குச்சு? நீ சொல்லு."

இன்ஸ்பெக்டரிடம் ஒரே மூச்சில் சொன்ன விஷயம்தான். ஒரே பெஞ்சில் சாப்பிடுகிற ஆளிடம், மூன்று மாதம் கூடவே உட்கார்ந்து மறைத்ததை எங்கிருந்து ஆரம்பிப்பது? பூட்டு டிஃபன் பாக்ஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல இதைத் திறந்து குடு."

டூல் ரூம்காரர் திறந்து நீட்டினார். நோட்டில் காரணம் எழுதும் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.